கைலிக்குள் மூடி வைக்கும் கட்டி

யாங்கூன் டீக்கடையில் நம்ம ஆண்கள் பேசாத விஷயம் இல்லை. யாருக்கு சுகர் எவ்வளவு, யாருக்குப் பிரஷர், யாருக்கு மூலம், எல்லாம் ஊருக்கே தெரியும். விரையில் கட்டி என்றால் மட்டும் வாய் திறக்காது. பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லாமல் வருடக்கணக்கில் மூடி வைப்பவர்கள் உண்டு. கைலி அதற்கு வசதியான உடை வேறு.

வெட்கப்படுவதைக்கூட விட்டுவிடலாம். "வலி இல்லையே, அப்புறம் என்ன?" என்று கேட்கிறார்களே, அதுதான் எனக்குக் கோபம். இந்த உறுப்பில் அந்தக் கணக்கு தலைகீழ். வலியே இல்லாமல், விரையோடு ஒட்டிக் கெட்டியாக ஒரு கட்டி தட்டுப்பட்டால் அதைத்தான் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும். விரைப் புற்றுநோய் பெரும்பாலும் அப்படித்தான் ஆரம்பிக்கும். அதுவும் அதிகமாக வருவது கிழவர்களுக்கு அல்ல, 15 முதல் 40 வயதுக்குள் இருப்பவர்களுக்கு. பிறந்தபோது விரை கீழே இறங்காமல் இருந்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதல்.

பயப்படுத்த இதைச் சொல்லவில்லை. விரைப்பையில் தட்டுப்படும் வீக்கங்களில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. நீர்க்கட்டியாக இருக்கலாம், இடது பக்கம் ரத்தக்குழாய் புடைத்திருக்கலாம், குடலிறக்கம் கீழே வந்திருக்கலாம். கிருமித்தொற்று என்றால் வலியும் காய்ச்சலும் இருக்கும், ஆன்டிபயாடிக்கில் அடங்கும். காசநோய் நிறைய உள்ள நாடு இது. அதுவும் அங்கே போய் உட்காரும். விரைக்குப் பின்னால் மெத்தென்று ஒரு குழாய் எல்லோருக்கும் இருக்கிறது, அதைத் தொட்டுவிட்டுத் தூக்கம் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பர்மாவில் நமக்கு இன்னொரு சிக்கல். இங்கே ஓதம், அதாவது விரைப்பையில் நீர் கோர்ப்பது, பழகிப்போன நோய். கியூலெக்ஸ் கொசு பரப்பும் யானைக்கால் புழு காலை மட்டும் வீங்க வைப்பதில்லை, ஆண்களுக்கு விரைப்பையிலும் நீர் கோர்க்கச் செய்யும். 2001-இல் தொடங்கி டிஇசி, அல்பெண்டசோல் மாத்திரைகளைக் கட்டம் கட்டமாக ஊர் ஊராகக் கொடுத்தார்கள். அவை நோய் பரவுவதைத் தடுக்கும். ஏற்கெனவே கோர்த்த நீரை வற்ற வைக்காது. அதற்குச் சின்ன ஆபரேஷன் இருக்கிறது. ஆனால் தாத்தாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஓதம் இருந்த வீட்டில் பேரனுக்கு எது வீங்கினாலும் "நம்ம குடும்ப ஓதம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கொசு கடித்து வருவது எப்படிக் குடும்பச் சொத்தாகும்?

அப்புறம் மருந்துக்கடையில் நாலு மாத்திரையைச் சேர்த்துக் கட்டித் தருவார்கள். இல்லையென்றால் ஊசி குத்தி நீரை உறிஞ்சும் ஆள் யாராவது கிடைப்பார். ஓதமாகவே இருந்தாலும் அந்த நீர் மறுபடி கோர்க்கும். புற்றுநோயாக இருந்தால் இன்னும் மோசம், ஊசி போன வழியில் அது பரவ இடமுண்டு. அதனால்தான் சந்தேகம் என்றால் பையில் குத்திப் பார்க்காமல், ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்துவிட்டு, தொடை இடுக்கு வழியாக விரையையே எடுக்கிறார்கள்.

"எடுப்பதா?" என்று முகம் வெளுக்கிறது. மிச்சமிருக்கும் ஒன்று நன்றாக இருந்தால் பொதுவாக ஆண்மைக்கும் குழந்தைக்கும் அதுவே போதும். கீமோ தேவைப்பட்டால் அதற்கு முன் விந்தைச் சேமித்து வைக்கும் வசதி இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் அநேகமாக எல்லோருமே பிழைக்கும் புற்றுநோய் இது. 1970-களில் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை வைத்து இதன் வைத்தியத்தையே மாற்றியவர் அமெரிக்க டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன். 2012-இல் நம்ம யுவராஜ் சிங் போய் நின்றதும் அவரிடம்தான். யுவராஜுக்குக் கட்டி நெஞ்சுக்குள் இருந்தது, ஆனால் இதே இனம். அந்த வருடம் செப்டம்பரிலேயே சேப்பாக்கத்தில் பேட் பிடித்தார்.

"பெண் டாக்டர்தான் இருக்கிறார்" என்று கிளினிக் வாசலிலிருந்து திரும்பிய அண்ணன்மார்களையும் எனக்குத் தெரியும். சரி, கூச்சம் போகாதென்றால் ஆண் டாக்டர் இருக்கும் இடமாகத் தேடிப் போங்கள், அதே வாரத்தில்.

பையன்களைப் பெற்றவர்களுக்கு ஒன்று. விரை முறுக்கிக்கொள்வது தனி விஷயம், அது திடீரென்று கடுமையாக வலிக்கும், வாந்தியும் வரலாம். பையன் வெட்கப்பட்டு "அடிவயிறு வலிக்குது"ன்னு மட்டும்தான் சொல்வான். எங்கே வலி என்று நேராகக் கேளுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம், விடியட்டும் என்று காத்திருந்தால் அந்த விரை போய்விடும்.