தீவுக்கு இரண்டு படகு

போன கோடையில் ஒரு ஞாயிறு. ரொறன்ரோத் தீவுக்குப் போக ஜாக் லேட்டன் படகுத்துறையில் நிற்கிறோம். வரிசை துறையை விட்டு வெளியே வந்து தெருவோரம் வரைக்கும் வளைந்து கிடக்கிறது. சக்கர நாற்காலியில் பெரியம்மா, அவர் மடியில் ஐந்து பேருக்கான சோற்றுப் பார்சல். யாழ்ப்பாணத்து நெடுந்தீவில் பிறந்த மனுசி. முக்கால் மணித்தியாலம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தீவுக்குப் போறதுக்குச் சனம் இப்பிடி அடிபடுறதை இஞ்சதான் பாக்கிறன். நாங்கள் தீவை விட்டு வெளிக்கிடத்தான் அடிபட்டனாங்கள்."

ஒருமாதிரி ஏறிவிட்டோம். நடுத்துறைமுகத்தில் போகும்போது பக்கத்தால் ஒரு சின்னப் பழங்காலப் படகு போனது. எங்கள் படகில் குழந்தை வண்டிலும் குளிர்பெட்டியுமாகக் கால் வைக்க இடமில்லை. அதில் எண்ணி எட்டுப் பேர். ஒருவர் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் வாசிக்கிறார்.

"அது ஆரின்ர வள்ளம்?" என்று பெரியம்மா கேட்டார்.

றோயல் கனேடியன் யொட் கிளப்பின் படகு. 1852இல் தொடங்கிய பாய்ப்படகுக் கிளப், 1881இலிருந்து தீவில் இருக்கிறது. உறுப்பினர்களை ஏற்றி இறக்கச் சொந்தமாக இரண்டு படகுகள்: 1895இல் கட்டிய ஹயவாதா, 1912இல் கட்டிய குவாசிண்ட். இரண்டும் பூர்வகுடிக் கதைகளில் வரும் பெயர்கள். அந்தப் பூர்வகுடிகளின் கதையைப் பிறகு சொல்கிறேன்.

பணக்காரர் கிளப் வைத்திருப்பதில் எனக்குக் கோபமில்லை. நூறு வருசத்துக்கு மேற்பட்ட படகை இன்னும் ஓடவைத்திருக்கிறார்கள், அதுக்கு ஒரு சபாஷ். நகரசபையின் படகுகளும் கிழடுகள்தான். வில்லியம் இங்கிலிஸ் 1935, சாம் மக்பிரைட் 1939, தோமஸ் றெனி 1951. இவற்றில் ஒன்று படுத்தால் வரிசை இன்னும் நீளும். புதிய மின்சாரப் படகுகளுக்கு 2024இல்தான் ஓடர் போனது. ஒரே ஏரி, ஒரே தீவு. என் கணக்கில் அந்தக் கிளப்பில் சேருபவர் காசு கொடுத்து வாங்கும் முதல் சாமான் காத்திராமை. பாய்மரமெல்லாம் அதுக்குப் பிறகு.

இந்தத் தீவே முதலில் தீவில்லை. கரையோடு ஒட்டிய மணல்திட்டு. 1858 ஏப்ரலில் அடித்த புயல் அதை அறுத்துத் தீவாக்கியது. அதுக்கு முன்பே, 1787இலும் 1805இலும் எழுதிய உடன்படிக்கைகளால் இந்தப் பக்கத்து நிலம் பூர்வகுடிகளான மிசிசாகா மக்களின் கையை விட்டுப் போய்விட்டது. அந்த நிலத்துக்காக அவர்கள் கேட்ட கோரிக்கை தீர்ந்து 145 மில்லியன் டொலர் கிடைத்தது 2010இல்! காணிப் பிரச்சினை எவ்வளவு காலம் இழுபடும் என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

எனக்குப் பிடித்த கதை வேறு. அந்தக் காலத்தில் இந்த நகரத்துப் படகுக் கிளப்புகள் யூதர்களைச் சேர்ப்பதில்லை. அவர்கள் கதவில் தட்டிக்கொண்டு நிற்கவில்லை. 1951இல் ஐலண்ட் யொட் கிளப் என்று தீவிலேயே தங்களுக்கு ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள்.

இப்போது எங்களிடம் வருகிறேன். 1938இல் அட்லாண்டிக்கைத் தாண்டி மசாசுசெட்ஸ் குளொஸ்டர் வரைக்கும் போன அன்னபூரணி யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல். ஓட்டிப் போனவர்களும் அந்த ஊரார்தான். அந்தக் கரையிலிருந்தும் தீவுகளிலிருந்தும் வந்த நாங்கள் இங்கே ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில், கிரிக்கெட் எல்லாம் வைத்திருக்கிறோம். ஒரு வள்ளம் வைத்திருக்கிற சங்கத்தை நான் காணவில்லை. கண்டவர்கள் சொல்லுங்கள், சந்தோசப்படுவேன்.

காசுதான் தடை என்பார்கள். பாதி உண்மை. இரண்டாம் கைச் சின்னப் பாய்வள்ளம் பழைய கார் ஒன்றை விட மலிவாகக்கூடக் கிடைக்கும். செலவு படகில் இல்லை, அதைக் கட்டிவைக்கிற இடத்தில் இருக்கிறது. பனிக்கு முன் தண்ணீரிலிருந்து தூக்க வேண்டும், மாரி முழுக்கக் கரையில் வைக்க வேண்டும், காப்புறுதி வேறு. தனியாள் தாங்கமாட்டார், ஒரு சங்கம் தாங்கும். எஞ்சின் பூட்டிய படகென்றால் ஓட்டுநர் அட்டை எடுக்க வேண்டும், அது பெரிய சோதனை இல்லை. ஆளுக்கொரு மிதவைச் சட்டை கட்டாயம் இருக்க வேண்டும்.

உண்மையான தடை பயம். எனக்கே நீந்தத் தெரியாது. கடலுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன், ஒன்ராறியோ ஏரியில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. என் பிள்ளைகளும் அப்படியே. எங்கள் ஊர்ச்சங்கம் வைக்கிற இராப்போசனத்தின் ஒரு வருசத்துக் காசை எடுத்து இருபது பிள்ளைகளுக்கு நீச்சலும் பாய்விடுதலும் பழக்கலாம் என்று எனக்குப் படுகிறது. றோயல் கிளப்பின் வாசலில் போய் நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

தீவின் கரையில் பெரியம்மாவைத் தண்ணீர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனோம். குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பில்லை" என்றார், ஏமாந்துபோன மாதிரி.

இதையெல்லாம் அன்றிரவே எங்கள் ஊர்ச்சங்கத்து வட்சப் குழுவில் போட்டேன். நாலு பேர் கும்பிட்ட கை போட்டார்கள். ஒருவர் மட்டும் கேள்வி கேட்டார்: "அண்ணை, இராப்போசனத்தை நிப்பாட்டிறதெண்டால், இந்த வருசம் வாங்கின ரிக்கற் என்ன மாதிரி?"