தையில் வரும் பணத்தைப் பார்த்து வேலையை விடாதீர்கள்

பொங்கல் முடிந்து பத்து நாள் ஆனதும் நம்ம திருநெல்வேலிப் பக்கம் "பேசாம வேலைய விட்டுரலாமா" என்ற பேச்சு கிளம்பும். யூடியூபில் வீடியோ போடுகிறவர்கள், இரவில் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரனுக்கு டிசைன் செய்து கொடுக்கிறவர்கள், ஆன்லைனில் டியூஷன் எடுக்கும் பாளையங்கோட்டை ஆசிரியர்கள் என்று இப்போது நிறையப் பேருக்குச் சம்பளத்துக்கு வெளியே ஒரு வரவு இருக்கிறது. ஏன் அந்த நேரத்தில் கேட்கிறார்கள்? யூடியூபுக்கு விளம்பரப் பணம் கொடுக்கும் கூகுளின் ஆட்சென்ஸ் பணம் மாதாமாதம் 21க்கும் 26க்கும் இடையில் கிளம்பும். ஜனவரியில் வருவது டிசம்பரில் சம்பாதித்தது. விளம்பரக் கம்பெனிகள் ஆண்டுக் கடைசியில் மிச்சப் பணத்தைக் கொட்டுகிற மாதம் அது. அதே ஆட்கள் ஜனவரியில் கையை மூடிக்கொள்வார்கள். அந்தச் சரிவு உங்கள் வங்கிக் கணக்கில் தெரிவது பிப்ரவரி கடைசியில். அதற்குள் ராஜினாமா கடிதம் கொடுத்திருப்பீர்கள்.

என் கருத்து இதுதான்: சராசரி வருமானத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது. வருஷத்தின் மோசமான மூன்று மாதங்களை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏப்ரல் தொடங்கி மார்ச் வரை, செலவெல்லாம் போகக் கைக்கு வந்தது ஆயிரத்தில் இப்படி என்று வையுங்கள்: 38, 41, 36, 44, 40, 47, 43, 52, 61, 58, 27, 30. மொத்தம் 5,17,000. சராசரி மாதம் 43,000. சம்பளம் 28,200 வாங்குகிறவருக்கு இது ஒன்றரை மடங்கு, "இன்னும் என்ன யோசனை" என்றுதான் தோன்றும். ஆனால் குறைந்த மூன்று மாதங்களை, அதாவது 27, 30, 36 ஆகியவற்றை எடுத்துச் சராசரி பார்த்தால் 31,000. உங்கள் உண்மையான ஆன்லைன் சம்பளம் அதுதான். மேலே வருவதெல்லாம் போனஸ். தாமிரபரணிப் பாசனத்தில் குத்தகை பேசுகிறவர் பிசானப் பருவ விளைச்சலை மட்டும் பார்த்து நெல் அளக்க ஒப்புக்கொள்வாரா? கார் பருவம் பொய்த்த வருஷமும் அவர் கணக்கில் இருக்கும்.

அப்படியே பார்த்தாலும் 31,000 என்பது 28,200ஐ விட அதிகம்தானே என்பீர்கள். சம்பளத்தை நாம் தப்பாக அளக்கிறோம். மொத்தச் சம்பளம் 30,000, அதில் அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால், பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம் 1,800 பிடித்துக் கைக்கு 28,200 வருகிறது. (தொழில் வரியை விட்டுவிடுவோம்.) பிடித்த 1,800 உங்கள் பணம். கம்பெனி தன் பங்காக இன்னொரு 1,800 போடுகிறது. அதில் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, வருஷத்துக்கு 15 நாள் அடிப்படைச் சம்பளம், 26 நாளை ஒரு மாதமாக வைத்துக் கணக்கு. மாதத்துக்கு 720 வரும். கம்பெனி எடுத்துக் கொடுத்த குடும்ப மருத்துவக் காப்பீட்டை நீங்களே எடுத்தால் வருஷம் 18,000 என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 1,500. எல்லாம் கூட்டினால் 34,000. பாளையங்கோட்டையிலிருந்து கங்கைகொண்டான் சிப்காட்டுக்கு பைக்கில் போய்வருகிறவருக்குத் தினம் 40 கிலோமீட்டர், மாதம் 20 லிட்டர் பெட்ரோல். அந்த 2,000 மிச்சம் என்று கழித்தால் 32,000. ஆக, சராசரி 43,000 வந்தும் இவர் இன்னும் ஆயிரம் ரூபாய் பின்னால்தான் நிற்கிறார்.

கிராஜுவிட்டியில் இன்னொன்று. நிரந்தரப் பணியாளருக்கு ஐந்து வருஷம் ஆக வேண்டும். நாலரை வருஷத்தில் கோபத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்களை என்ன சொல்ல. பிஎஃப் பணத்தையும் ஐந்து வருஷம் முடியுமுன் எடுத்தால் வரிக் கணக்கில் வரும். ஓய்வூதியத்துக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். 21,000க்குள் சம்பளம் வாங்குகிறவருக்கு ஈஎஸ்ஐ இருக்கும். வேலையை விட்டால் கொஞ்ச நாளில் அந்த மருத்துவ வசதியும் போய்விடும். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் இதன் விலை உங்களுக்குத் தெரியும்.

வரவுப் பக்கமும் நேர்மையாகக் கழிக்க வேண்டும். வேலை பிடித்துத் தரும் ஃபைவர் தளம் 20 சதவீதம் எடுக்கும். பேபால் வழியாக வந்தால் கட்டணமும் டாலரை ரூபாயாக்கும்போது பிடிப்பதும் சேர்ந்து நூறு டாலரில் ஏழெட்டு டாலர் காணாமல் போகும். யூடியூபில் அமெரிக்கப் பார்வையாளர்களால் வரும் பங்குக்கு அந்த நாட்டு வரி பிடிப்பார்கள்; வரிப் படிவத்தை ஒழுங்காக நிரப்பியிருந்தால் நமக்கு 15 சதவீதம், நிரப்பாமல் விட்டால் உலகம் முழுக்க வரும் வருமானத்திலும் 24 சதவீதம் வரை போகலாம். 100 டாலர் சேராத மாதத்தில் ஆட்சென்ஸ் பணமே அனுப்பாது. சம்பளம் அப்படி வராமல் இருக்காது.

பொருள் விற்கிறவர்கள் பாடு வேறு. பத்தமடைப் பாய், உடன்குடிக் கருப்பட்டி என்று இன்ஸ்டாகிராமில் விற்று "மாசம் ஒன்றரை லட்சம்" என்பார்கள். அது விற்பனை, வருமானம் இல்லை. கேஷ் ஆன் டெலிவரியில் திரும்பி வரும் பார்சலுக்குப் போன கூரியர் காசும் உங்களுடையது, வந்த காசும் உங்களுடையது. கருப்பட்டி பதநீர் இறங்கும் மாதங்களில் ரொக்கம் கொடுத்து வாங்கி இருப்பு வைக்க வேண்டிய சரக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கசிந்தால் நஷ்டம். சரக்கில் முடங்கிய பணத்தைக் கைப்பணமாக எண்ணக் கூடாது. பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால், சில கைவினைப் பொருள்களைத் தவிர, விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். சேவை விற்கிறவருக்கு ஆண்டுக்கு 20 லட்சம் வரை அந்தத் தொல்லை இல்லை.

சரி, பின்னே எப்போது விடலாம்? மோசமான மூன்று மாதச் சராசரி, சம்பளத்தின் முழு மதிப்பைத் தொட்ட பிறகு ஒரு ஒத்திகை. ஆறு மாதம் சம்பளத்தில் ஒரு ரூபாய் தொடாதீர்கள். 28,200ஐ அப்படியே ஆர்டியில் போட்டுவிட்டு ஆன்லைன் பணத்தில் மட்டும் குடும்பம் நடத்துங்கள். அந்த ஆறு மாதத்துக்குள் பிப்ரவரி, மார்ச் வரவேண்டும், ஜூன் பள்ளிக் கட்டணமும் வரவேண்டும். ஆக, பிப்ரவரியில் தொடங்குவது நல்லது. முடிவில் 1,69,200 சேர்ந்திருக்கும். கட்டாயச் செலவு மாதம் 24,000 என்றால் ஏழு மாதக் கையிருப்பு. நான் பத்து மாதம் வேண்டும் என்பேன். லாக்கரில் இருக்கும் நகையை இதில் சேர்க்காதீர்கள். நம்ம ஊரில் நகை என்பது பெரும்பாலும் யாரோ ஒருத்தருடைய கல்யாணம்.

அந்த 24,000ஐயும் மாதச் செலவை மட்டும் எழுதிக் கண்டுபிடிக்க முடியாது. கோயில் கொடை வரி, பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போய்வரும் வண்டி வாடகை, வைகாசி, ஆவணி மாத மொய், பைக் இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் வருஷத்துக்கு எழுதிப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும். பகலெல்லாம் வீட்டில் இருந்தால் கரண்ட் பில்லும் ஏறும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, முந்தைய யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் விலை கூடிவிடும். சித்திரை வெயிலில் ஏசி போடுகிறவர்கள் பார்த்துக்கொள்ளவும்.

அடுத்து நேரக் கணக்கு. தினம் மூன்று மணி நேரம், ஞாயிறு ஆறு மணி நேரம் என்றால் மாதம் சுமார் 100 மணி நேரம். 43,000ஐ வகுத்தால் மணிக்கு 430. "முழு நேரம் இறங்கினா 200 மணி நேரம், 86,000" என்று மனசு பெருக்கும். வராது. விளம்பர வருமானம் பார்வையாளரைப் பொறுத்தது, நீங்கள் உட்கார்ந்த நேரத்தைப் பொறுத்தது இல்லை. வாடிக்கையாளருக்கு வேலை செய்கிறவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் நேரத்தில் பாதி புது ஆள் தேடவும், பில் போடவும், பாக்கி கேட்கவும் போய்விடும். இதைச் சோதிக்க வழி இருக்கிறது: சேர்ந்து கிடக்கும் விடுப்பில் மூன்று வாரம் எடுத்து முழு நேரம் வேலை பாருங்கள். வேலை இரண்டு மடங்காகிறதா, தூக்கம் இரண்டு மடங்காகிறதா என்று தெரிந்துவிடும்.

எந்தக் கணக்கிலும் அடங்காத ஆபத்து, ஒரே வரவை நம்பி ஒற்றைக் காலில் நிற்பது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை வந்தது. அதை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு மறுநாள் தொழிலே இல்லை. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைச் சட்டம் தடுத்ததும் அவற்றின் விளம்பரத்தை நம்பிய சேனல்களின் வரவு நின்றது. ஆகவே உங்கள் மிகப் பெரிய வரவு ஒன்றைத் தாளில் அடித்துவிட்டு மீதியைக் கூட்டுங்கள். அந்த 24,000 தேறவில்லையா, பொறுங்கள். ஒரே வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து பாதிக்கு மேல் வருகிறதென்றால் அவரும் முதலாளிதான், பிஎஃப் போடாத முதலாளி.

இடம் சார்ந்த ஏற்பாடும் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்கு காலை 9 முதல் மதியம் 2 வரை கரண்ட் நிறுத்துவார்கள். இன்வெர்ட்டரின் 150 ஏஎச் பேட்டரியில் நம்பிக்கையாக எடுக்கக்கூடியது 1,000 வாட்-மணி. லேப்டாப், ரௌட்டர், ஒரு ஃபேன், ஒரு லைட் சேர்ந்து 150 வாட் என்றால் ஆறு மணி நேரம் தாங்கும். டெஸ்க்டாப் என்றால் மூன்று மணி நேரத்தில் படுத்துவிடும். பிராட்பேண்ட் ஒரு கம்பெனி, செல்போன் இன்னொரு கம்பெனியாக இருக்கட்டும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. அப்படியொரு வாரத்தில் "வேலை தாமதமாகும்" என்று உங்கள் வாடிக்கையாளருக்குச் சொல்ல வெளியூரில் ஒரு ஆள் வேண்டும்.

கடிதம் கொடுக்கும் முன், சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை சில. வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே வாங்குங்கள். சொந்தத் தொழில்காரரிடம் வங்கிகள் இரண்டு மூன்று வருஷ வருமான வரித் தாக்கல் கேட்கும். 12 லட்சம் வரை வரி வராது என்று தாக்கல் செய்யாமல் விடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். தனி மருத்துவக் காப்பீட்டை இப்போதே எடுத்தால் முதல் 30 நாளும், பழைய நோய்களுக்கான மூன்று வருஷம் வரையிலான காத்திருப்பும் இன்றே ஓடத் தொடங்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்லை. கல்யாணம் ஆகாதவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். "மாப்பிள்ள எங்க வேல பாக்காரு?" என்ற கேள்விக்கு "வீட்லதான்" என்ற பதிலைப் பெண் வீட்டார் இன்னும் ரசிக்கப் பழகவில்லை. இது நியாயமில்லை, ஆனால் நடப்பு.

அரசு வேலைக்காரர்களுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அனுமதியில்லாமல் பக்கத் தொழில் செய்வதே நடத்தை விதிப்படி சிக்கல். தனியாரிலும் பணி ஒப்பந்தத்தில் வெளி வேலை கூடாது என்று இருக்கிறதா என்று படித்துக்கொள்ளுங்கள்.

விடுவதா, இருப்பதா என்று இரண்டு வழிதான் என்றும் நினைக்க வேண்டாம். தனியார் பள்ளி, சிறு மருத்துவமனை லேப், ஆடிட்டர் ஆபீஸ் போன்ற இடங்களில் பழகிய ஆளை இழக்க விரும்ப மாட்டார்கள். வாரம் மூன்று நாள், பாதிச் சம்பளம் என்று கேட்டுப் பாருங்கள். பிஎஃப் கணக்கு தொடருமா என்று மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.