“சிஸ்டர், இதைக் கொஞ்சம் பாருங்க”

வார்டு நர்ஸ்களுக்குள் ஒற்றுமை வரவேண்டும் என்று நிர்வாகங்கள் டூர் கூட்டிப் போகின்றன, நர்ஸ்கள் தினமான மே 12-ல் கேக் வெட்டுகின்றன. நல்லதுதான். ஆனால் இரவு பார்த்தவரின் சொல்லை நம்பிக் காலை டியூட்டிக்காரர் ஊசியை எடுக்கலாமா என்பது, ஷிப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவரில்தான் தெரியும்.

ஸ்டேஷனில் நின்றபடி “எல்லாரும் ஸ்டேபிள், 7-ம் பெட்டை மட்டும் பார்த்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுவது ஹேண்ட்ஓவரே இல்லை. இரண்டு பேரும் பெட் பெட்டாகப் போக வேண்டும். கான்யுலா (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் குழாய்) போட்ட இடம் வீங்கியிருக்கிறதா, பாட்டிலில் மீதி எவ்வளவு, யூரின் எவ்வளவு, லேபிலிருந்து வராத ரிசல்ட் எது, கொடுக்காமல் விட்டுப்போன மருந்து எது. இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் தைரியம் வேண்டும். “2 மணி டோஸ் போகல சிஸ்டர், கான்யுலா லைன் அவுட்” என்று சொன்னால் திட்டு விழும் வார்டில், போடாத மருந்துக்கும் சார்ட்டில் கையெழுத்து ஏறிவிடும். அதற்குப் பிறகு அந்தச் சார்ட்டை யார் நம்புவது?

இதற்கு ரோஸ்டரிலேயே இரண்டு ஷிப்ட்டும் 15 நிமிடமாவது சேர்ந்து நிற்கும்படி நேரம் ஒதுக்க வேண்டும். அந்த 15 நிமிடத்துக்கும் சம்பளம் தர வேண்டும்.

அடுத்தது இன்சுலின். நம் ஊரில் ஒரு மி.லி.-க்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு வகை வயலும் (மருந்துக் குப்பி) புழங்குகின்றன. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு. 100 வயலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது அரை மி.லி., அதாவது 50 யூனிட். இரண்டரை மடங்கு! நடு ராத்திரி சுகர் இறங்கி நோயாளி மயங்கக்கூடும். அதனால்தான் இன்னொரு நர்ஸும் பார்க்க வேண்டும் என்கிறோம். ஆனால் “20 யூனிட் எடுத்திருக்கேன், சரிதானே?” என்று கேட்டால் வருகிற பதில் “ம்”தான். எண்ணைச் சொல்லாமல் வயலையும் சிரிஞ்சையும் ஆர்டரையும் நீட்டுங்கள். அவரே படித்துச் சொல்லட்டும். சீனியர் போட்டதை ஜூனியர் பார்த்தால் மரியாதைக் குறைவு என்ற எண்ணம் வார்டில் இன்னும் இருக்கிறது. அதை உடைக்கச் சீனியர்தான் முதலில் சிரிஞ்சை நீட்ட வேண்டும்.

1990-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், நன்றாக இயங்கும் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாவதைக் கண்டார். அங்கே தவறை வெளியே சொல்ல முடிந்தது என்பதே அவர் கண்ட விளக்கம். பதிவேடு காலியாக இருக்கிறது என்று பெருமைப்படும் வார்டைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

ஒருவர் தவறைச் சொல்ல வந்தால் இன்சார்ஜ் கேட்கவேண்டிய முதல் கேள்வி “பேஷண்ட் இப்ப எப்படி இருக்கார்?” டாக்டருக்குத் தகவல் போனபின், எங்கே தப்பியது என்று தனியறையில் உட்கார்ந்து பேசுங்கள். அட்டெண்டர் முன்னால் குரலை உயர்த்தினால் நாளைக்கு யாரும் வாய் திறக்கமாட்டார்கள். சிரிஞ்சு மாறியதுதான் காரணம் என்றால் அன்றைக்கே சிவப்பு மூடிக்கு ஒரு ட்ரே, ஆரஞ்சுக்கு வேறு ட்ரே. சொன்னவர் டியூட்டி முடிந்து கிளம்புவதற்குள் அது நடந்திருக்க வேண்டும்.