மூன்றாம் பேஸில் ஒட்டிப்போன கால்

2025 நவம்பரில் பேஸ்போல் வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது, கடைசி ஆட்டத்தில் ரொறன்ரோ லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸிடம் தோற்று மூன்று நாளாகியும் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே படம்தான் சுற்றியது: டொட்ஜர்ஸ் கேட்சர் (துடுப்பாட்டக்காரருக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கிறவர்) வில் ஸ்மித்தின் கால், ஓட்டம் முடிகிற ஹோம் பிளேட்டை விட்டுக் கொஞ்சம் எழும்பி நிற்கிற படம். ஸ்காபரோவிலிருந்து யாரோ ஒரு பெரியப்பா அனுப்ப, அது புதுக்குடியிருப்புக்கு வந்து, மல்லாவிக்குப் போய், "கால் எழும்பியிருக்க அவுட் கொடுத்தது நடுவர் களவு" என்று தலைப்பும் ஒட்டுப்பட்டுத் திரும்ப ஸ்காபரோவுக்கே போய்ச் சேர்ந்திருக்கும். இன்னொரு கூட்டம் ரொறன்ரோவுக்குப் பந்து வீசிய ஜெஃப் ஹொஃப்மனைப் போட்டு வறுத்தது. மூன்றாவது கூட்டத்துக்கு எல்லாம் "விதி".

நடுவர் களவெடுக்கவில்லை. ஹொஃப்மன் தனியாளாகத் தோற்கடிக்கவும் இல்லை. ஒன்பதாம் இனிங்கில் 4-3 என்று முன்னுக்கு நிற்கும்போது, டொட்ஜர்ஸில் கடைசி ஆளாகத் துடுப்பெடுக்கிற மிகேல் ரோஹாஸுக்கு ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) கொடுத்தது பிழைதான். ஆனால் அதற்குப் பிறகும் வெல்ல இரண்டு தடவை கதவு திறந்தது. இரண்டு தடவையும் ரொறன்ரோ உள்ளே போகவில்லை. இந்த அணிக்குக் கையில் குறையில்லை, காலில்தான் குறை.

கணக்கைப் பாருங்கள். முதலில் நாலு ஆட்டம் வெல்கிறவருக்குத்தான் கிண்ணம். 2025 வேர்ல்ட் சீரிஸின் ஏழு ஆட்டத்திலும் சேர்த்து ரொறன்ரோ எடுத்தது 34 ஓட்டம், டொட்ஜர்ஸ் 26. எட்டு ஓட்டம் கூட எடுத்தவன் கிண்ணம் இல்லாமல் வீட்டுக்குப் போகிறான். முதல் ஆட்டத்தில் 11-4 என்று விளாசியதால் அந்தக் கணக்கு கொஞ்சம் வீங்கியிருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தோற்ற நாலில் மூன்று ஆட்டம் 6-5, 3-1, 5-4. ஒரு ஓட்டம், இரண்டு ஓட்டம். அந்த மூன்றிலும் பேஸுக்கும் பேஸுக்கும் இடையில் ரொறன்ரோ தானாகவே அவுட்டைத் தூக்கிக் கொடுத்திருக்கிறது.

எல்லேயும் மென்பந்தும் மட்டும் பார்த்தவர்களுக்கு ஒரு விளக்கம். பேஸ்போலில் முதலாம், இரண்டாம், மூன்றாம் பேஸைக் கடந்து ஹோமைத் தொட்டால் ஒரு ஓட்டம்; மூன்று அவுட்டானால் அந்த இனிங்கில் அணியின் முறை முடிந்தது. ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 90 அடி, எங்கள் கணக்கில் 27.43 மீற்றர். ஓடுகிறவர் பந்து வீசும்வரை பேஸில் காலை வைத்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. நாலைந்து எட்டு முன்னுக்கு வந்து நிற்கலாம், அதுதான் லீட். பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர், வீசத் தொடங்கியதும் இன்னும் இரண்டு மூன்று எட்டு நடந்தபடி முன்னேறலாம், அது இரண்டாவது லீட். கிரிக்கெட்டில் மறுமுனையில் நிற்கிறவர் பந்துவீச்சாளரோடு சேர்ந்து கோட்டை விட்டு நடந்து வருகிறாரே, அதேதான். ஆபத்தும் அதேதான்: அடித்த பந்தை நிலத்தில் படாமல் பிடித்துவிட்டால், பந்து வருவதற்குள் பழைய பேஸுக்குத் திரும்பியிருக்க வேண்டும். பிந்தினால் ஒரே பந்தில் இரண்டு அவுட்.

மூன்றாம் ஆட்டம் இலங்கை நேரப்படி ஒக்டோபர் 28 செவ்வாய் விடிய 5.30 மட்டில் தொடங்கி மத்தியானம் தாண்டித்தான் முடிந்தது. 18 இனிங், வழமையான ஒன்பதின் இரண்டு மடங்கு. அதில் ரொறன்ரோவின் போ பிஷெட் முதலாம் பேஸிலிருந்து தன்பாட்டில் நடந்துபோய் அவுட்டானதை எத்தனை பேர் மறந்துவிட்டீர்கள்? துடுப்பெடுத்து நின்ற வார்ஷோவுக்கு நாலாவது பிழைப் பந்து விழுந்துவிட்டது, இனி எல்லோரும் சும்மா ஒரு பேஸ் முன்னேறலாம் என்று நினைத்து நடந்தார். நடுவர் சுணங்கித்தான் ஸ்ட்ரைக் (சரியான பந்து) என்று கையைக் காட்டினார். நடுவர் சுணங்கியது உண்மை. ஆனால் அவருடைய கையைப் பார்க்காமல் பேஸை விடக்கூடாது என்பது பள்ளிக்கூடப் பாடம். அதே ஆட்டத்தின் பத்தாம் இனிங்கில் டேவிஸ் ஷ்னைடர் முதலாம் பேஸிலிருந்து ஹோம்வரை ஓடி அவுட்டானார். அதில் எனக்குக் கோபமில்லை. துணிந்து போனார், டொட்ஜர்ஸின் டொமி எட்மனின் எறி அப்படி.

ஆறாம் ஆட்டத்துக்கு வருவோம். ஏழாம் ஆட்டத்தின் நோய் தொடங்கியது இங்கேதான். கடைசி இனிங், 3-1 என்று ரொறன்ரோ பின்னுக்கு. ரொறன்ரோவின் கேர்க்கின் உடம்பில் பந்து பட்டதால் அவருக்கு முதலாம் பேஸ், அவருக்குப் பதிலாக ஓட மைல்ஸ் ஸ்ட்ரோ வருகிறார். அடிசன் பார்ஜர் அடித்த பந்து நடுக்களச் சுவரின் அடியில், மெத்தைக்கும் நிலத்துக்கும் இடையில் போய்ச் செருகிக்கொண்டது. அங்கே நின்ற டொட்ஜர்ஸின் ஜஸ்டின் டீன் பந்தைத் தொடாமல் இரண்டு கையையும் மேலே தூக்கினார். அந்தக் கை தூக்கல் ஒரு ஓட்டம் பெறுமதி. பந்து செருகினால் ஆட்டம் அந்த இடத்திலேயே நிற்கும், ஆளுக்கு இரண்டு பேஸ்தான். முதலாம் பேஸில் இருந்தவருக்கு மூன்றாம் பேஸ், அடித்தவருக்கு இரண்டாம் பேஸ். ஸ்ட்ரோ ஹோமுக்கு ஓடி வந்தும் திருப்பி அனுப்பப்பட்டார். டீன் பதறிப்போய்ப் பந்தை இழுத்து எறிந்திருந்தால் அந்த ஓட்டம் கணக்கில் வந்திருக்கும். இது துரதிர்ஷ்டம், ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்து நடந்தது துரதிர்ஷ்டம் இல்லை. அவுட் ஒன்றுமில்லை, இரண்டாம் மூன்றாம் பேஸில் ஆட்கள். டொட்ஜர்ஸுக்குப் பந்து வீச கிளாஸ்னோ வந்து மூன்றே மூன்று பந்தில் ஆட்டத்தை முடித்துவிட்டார். கிளெமென்ட் முதல் பந்தையே மேலே தூக்கி அடித்து அவுட். ஹிமெனெஸ் அடித்தது இடது களத்துக்கு முன்னால் தாழ்வாகப் போன பந்து. கிக்கே ஹெர்னாண்டஸ் ஓடி வந்து பிடித்து, ஓட்டத்திலேயே இரண்டாம் பேஸுக்கு எறிந்தார். ரோஹாஸ் அந்த எறியைத் தரையோடு வாரி எடுத்தார். பார்ஜர் திரும்பி வந்து சேரவில்லை. ஆட்டம் சரி.

இரண்டாம் பேஸில் நிற்கிறவருக்கு இடது களம் கண்ணுக்கு நேரே இருக்கிறது. தலையைத் திருப்பக்கூடத் தேவையில்லை. இரண்டு அவுட் ஆகாத நேரத்தில் அப்படிப் பந்து போனால், அது நிலத்தில் படுகிறதைக் காணும்வரை நின்ற இடத்தில் நிற்க வேண்டும். பார்ஜர் ஹோமைத் தொட்டால் ஓட்டம் சமன். ஒரு அடிக்கே ஹோம்வரை போக வேண்டும் என்ற அவதி அவருக்கு இருந்திருக்கும். அந்த அவதிதான் அவரை இரண்டு எட்டு கூட இழுத்தது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். அடுத்த நாள் ரொறன்ரோ அந்தப் பூனையாகத்தான் நின்றது.

ஏழாம் ஆட்டம், எங்களுக்கு நவம்பர் 2 ஞாயிறு. ஒன்பதாம் இனிங்கின் கீழ்ப்பாதி, ரொறன்ரோவின் முறை, 4-4. ஒரு அவுட், மூன்று பேஸும் நிறைந்திருக்கிறது. மூன்றாம் பேஸில் நிற்கிறவர் ஹோமைத் தொட்டால் 1993க்குப் பிறகு முதல் கிண்ணம். அங்கே நின்றவர் ஐசையா கைனர்-ஃபலேஃபா, முழங்கால் காயத்தோடு ஆடிய பிஷெட்டுக்குப் பதிலாக ஓட வந்தவர். லீட் சின்னதிலும் சின்னது. கோட்டுக்கு நேராகப் பறக்கிற பந்தில் இரட்டை அவுட் ஆகிவிடக்கூடாது, பேஸோடு ஒட்டி நில் என்று தனக்குச் சொல்லப்பட்டதாக அவரே பிறகு சொன்னார். வார்ஷோ இரண்டாம் பேஸ் பக்கம் நிலத்தோடு அடித்தார். ரோஹாஸ் தடுமாறி, சமாளித்து, ஹோமுக்கு எறிந்தார். அவுட். இடைவெளி ஒரு பாதம்கூட வராது.

அந்தக் கட்டளைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்கக்கூடாது. வார்ஷோ இடது கைக்காரர். ஆகவே கேட்சருக்கும் மூன்றாம் பேஸுக்கும் இடையில் துடுப்பாட்டக்காரர் மறைக்க மாட்டார். வெகுதூரம் வந்து நின்றால் கேட்சரே பின்னால் எறிந்து அவுட்டாக்கலாம். நேராகப் பறக்கிற பந்து பிடிபட்டால் இனிங் முடியும். சரி. ஆனால் பேஸ் நிறைந்த நிலையில் ஹோமில் ஆளைத் தொடத் தேவையில்லை, பந்தோடு பிளேட்டில் கால் பட்டால் போதும். உள்களக்காரர்கள் கிட்ட வந்து நிற்பதே இந்த ஒரு எறிக்காகத்தான். நேராகப் பறந்து ஒருவனின் கைக்குள் போகிற பந்து எத்தனைக்கு ஒன்று? நிலத்தோடு உருள்கிற பந்து எத்தனைக்கு ஒன்று? அரிதாக வருவதற்குப் பயந்து, அடிக்கடி வருவதற்குக் கதவைத் திறந்து விட்டார்கள்.

"மூன்றடி முன்னுக்கு நின்றால் என்ன வந்துவிடும்" என்று கேட்கிறவர்களுக்கு: மேஜர் லீக்கில் சராசரி ஆட்டக்காரரின் உச்ச வேகம் விநாடிக்கு 27 அடி. மூன்றடி என்றால் 0.11 விநாடி. ஸ்மித்தின் கால் எழும்பித் திரும்பப் பதிந்ததெல்லாம் அந்த அளவுக்குள் அடங்கும். இன்னொன்று, நின்ற காலில் புறப்படுவதும் நடந்துகொண்டிருந்த காலில் புறப்படுவதும் ஒன்றல்ல. பந்து துடுப்புக்கு வருகிற கணத்தில் வலது கால் ஹோம் பக்கம் பதிந்துகொண்டிருக்க வேண்டும். பந்து கீழ்நோக்கிப் போனால் அந்தக் காலிலேயே உந்திப் பறக்கலாம், நேராகப் போனால் அதே காலை ஊன்றித் திரும்பலாம். வெளியே வரும்போது கோட்டுக்கு வெளிப்பக்கமாக வர வேண்டும், உள்ளே நின்று அடித்த பந்து மேலே பட்டால் அவுட். திரும்பும்போது கோட்டின் உள்பக்கமாக வந்தால் கேட்சர் எறிய வழி மறைபடும். மழை வெளித்த பிறகு பள்ளிக்கூட மைதானத்தில் 27.43 மீற்றருக்குக் கயிறு கட்டி, ஒரே பிள்ளையை ஒருதரம் நின்ற காலில், ஒருதரம் நடந்த காலில் விட்டு, போனில் நேரம் பிடித்துப் பாருங்கள்.

சறுக்கியதும் பிழை. முதலாம் பேஸைப் போலவே ஹோமையும் தாண்டி ஓடலாம், திரும்பி வரத் தேவையில்லை. தொட்டு அவுட்டாக்கத் தேவையில்லாத இடத்தில் சறுக்கினால் என்ன லாபம்? நிலம் பிடித்து வேகம் குறையும், அவ்வளவுதான்.

கிரிக்கெட் ஆட்களுக்கு இது புதிதில்லை. 1999 உலகக் கிண்ண அரையிறுதி, எட்ஜ்பாஸ்டன். அவுஸ்திரேலியாவுக்கு எதிராகத் தென்னாபிரிக்காவுக்கு நாலு பந்தில் ஒரு ஓட்டம் வேண்டும். மூன்றாவது பந்தில் அலன் டொனால்ட் கூடத் தூரம் வந்துவிட்டார், லேமன் எறிந்தது விக்கெட்டில் படாததால் தப்பினார். அடுத்த பந்தில் குளூஸ்னர் ஓடி வர, டொனால்ட் மறுமுனையில் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முந்தின பந்தின் பயம் அடுத்த பந்தில் காலைக் கட்டிப்போட்டது. பார்ஜருக்கும் கைனர்-ஃபலேஃபாவுக்கும் இடையில் இருந்தது ஒரு இரவு, அதுதான் வித்தியாசம்.

என்னால் சகிக்க முடியாதது இதற்குப் பிறகு வருவது. அதே ஏழாம் ஆட்டத்தின் மூன்றாம் இனிங்கில் டொட்ஜர்ஸின் ஒட்டானியின் பந்தில் மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தவர் பிஷெட். அவரை வெளியே எடுத்தது ஓட்ட வேகத்துக்காக. அந்த வேகத்தை விலைக்கு வாங்கிவிட்டு, வாங்கிய காலைப் பேஸோடு கட்டி வைத்தார்கள். வண்டில் மாட்டைச் சந்தையில் விலை பேசி வாங்கி வந்து, வண்டிலில் பூட்டாமல் தொழுவத்தில் கட்டின கதை. சமனாகி நீண்ட ஆட்டத்தின் 11ஆம் இனிங்கில் ஸ்மித் ரொறன்ரோவின் பீபரின் பந்தில் ஹோம் ரன் அடித்து 5-4. பதிலுக்கு ரொறன்ரோவின் குரேரோ இரண்டாம் பேஸ்வரை அடித்து நிற்கிறார். அடுத்த இடம் பிஷெட்டுடையது. பிஷெட் இல்லை. வந்தது கைனர்-ஃபலேஃபா, பந்தைத் தட்டி வைத்து ஒரு அவுட்டைக் கொடுத்துக் குரேரோவை மூன்றாம் பேஸுக்கு நகர்த்தினார். நாலு பிழைப் பந்தால் பார்ஜருக்கு இலவசப் பேஸ். இப்போது இரட்டை அவுட்டுக்குப் பாதை திறந்துவிட்டது. அடுத்து வந்தவர் கேர்க், அணியிலேயே மெதுவாக ஓடுகிறவர்களில் ஒருவர். துடுப்பு முறிந்தது, பந்து டொட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸின் கைக்குப் போனது, பெட்ஸ் இரண்டாம் பேஸை மிதித்து முதலாம் பேஸில் நின்ற ஃப்ரீமனுக்கு எறிந்தார். இரட்டை அவுட், ஆட்டம் முடிந்தது.

முந்தின நாள் 96 பந்து வீசிய டொட்ஜர்ஸின் யமமோட்டோ ஓய்வே இல்லாமல் திரும்பி வந்து கடைசி அவுட்வரை வீசினார். அந்த மனுசனுக்கு ஒரு கும்பிடு. அதில் பேச்சில்லை.

ஸ்மித்தின் கால் எழும்பியது உண்மை, ஆனால் ஆள் பிளேட்டுக்கு வர முன் திரும்பப் பதிந்துவிட்டது. மறுஒளிபரப்பிலும் அதைத்தான் பார்த்துத் தீர்ப்பை வைத்தார்கள். படத்தை அனுப்பத்தான் வேண்டும் என்றால், காணொளியை அந்த இடத்திலிருந்து நாலு விநாடி பின்னுக்கு இழுங்கள். வார்ஷோவின் துடுப்பில் பந்து படுகிற கணத்தில் நிறுத்தி, மூன்றாம் பேஸில் நிற்கிறவரின் காலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்புங்கள்.