ஆர்சனல் சறுக்கியது எந்த வருடம்?
2005-க்கும் 2014-க்கும் நடுவில் ஒரு கோப்பைகூட இல்லை, அதனால் லண்டன் கால்பந்து கிளப்பான ஆர்சனல் அந்தக் காலத்தில் தகுதிக்குக் கீழே ஆடிய அணி என்று இங்கே வந்திருக்கும் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2006-ல் புது மைதானத்துக்குப் போன கடன் தலைக்கு மேல் இருந்தது. 2011-ல் முக்கிய வீரர்களான ஃபேப்ரிகாஸும் நஸ்ரியும் வேறு அணிகளுக்குப் போனார்கள். 2012-ல் போன வான் பெர்சி, முதல் சீசனிலேயே மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். எதிரே செல்சியும் மான்செஸ்டர் சிட்டியும் பணத்தைக் கொட்டின. அப்படியும் ஆர்சனல் ஒரு சீசன்கூட இங்கிலாந்து லீக்கில் முதல் நான்கு இடத்தை விட்டு இறங்கவில்லையே! 2011-ல் லீக் கோப்பை என்ற தனி நாக்-அவுட் போட்டியின் இறுதியில் பர்மிங்ஹாமிடம் தோற்றது மட்டும் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த பர்மிங்ஹாம் அதே சீசனில் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. உண்மையான சறுக்கல், மேலே கருத்துப் பகுதியில் ஒரு நண்பர் 'இரண்டாம் இடம், நல்ல வருடம்' என்று எழுதியிருக்கும் 2015-16. பெரிய அணிகளெல்லாம் தடுமாறிய வருடம் அது. அந்த வருடம் பட்டம் வென்ற லெஸ்டரை இரண்டு ஆட்டத்திலும் ஜெயித்துவிட்டு, கடைசியில் அவர்களைவிட 10 புள்ளி பின்தங்கினார்கள். தருமபுரி பக்கம் எங்கள் ஊர் டீமில் நான் ஆடிய காலத்தில், சேலத்திலிருந்து தினமும் பயிற்சி எடுக்கும் ஹாஸ்டல் பையன்கள் வந்து அரையிறுதியில் எங்களை 4-0 என்று அடித்தார்கள். அதில் எங்களுக்கு வருத்தமே இல்லை. அடுத்த வருடம் அவர்கள் வரவில்லை. இறுதி ஆட்டம் வரை போய், முந்தைய வாரம் நாங்களே ஜெயித்த டீமிடம் தோற்றோம். இன்றைக்கும் மனசு ஆறாதது அந்தத் தோல்விதான்.