"ஓரமா போ"ன்னு சொல்லாதீங்க

சைக்கிளைக் கண்டாலே "ஓரமா போப்பா" என்று ஹாரன் அடிப்பவர்களே, அந்த ஓரத்தில் என்ன கிடக்கிறது என்று என்றைக்காவது பார்த்ததுண்டா? வேளச்சேரி மெயின் ரோட்டில் மணல், ரோட்டைவிட இரண்டு விரல் இறங்கிக் கிடக்கும் மேன்ஹோல் மூடி, ராங் சைடில் வரும் பைக், அப்புறம் வரிசையாக நிறுத்திய கார்கள். எந்தக் கதவு எப்போது திறக்குமோ! அதனால்தான் கொஞ்சம் உள்ளே தள்ளி ஓட்டுகிறோம். திமிர் இல்லை சாமி, உயிர் பயம்.

பின்னால் வரும் லாரி சத்தத்திலேயே மிரட்டிவிடும். கதவுக்குச் சத்தமே கிடையாது. புதிதாக ஓட்டும் பிள்ளைகள் லாரிக்குப் பயந்து அந்தக் கதவோரமே ஒண்டுவதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

பிரிட்டனில் 2022-ல் திருத்திய சாலை விதிநூல், சைக்கிளை முந்தும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடம் விடச் சொல்கிறது. நிற்கும் காரைக் கடக்கும் சைக்கிள்காரரை ஒரு கதவளவு தள்ளிப் போகச் சொல்கிறது. கார்க்காரரைக் கதவுப் பக்கம் இல்லாத, தூரத்துக் கையால் கதவைத் திறக்கச் சொல்கிறது. அப்படித் திறந்தால் உடம்பு திரும்பி, கண் தானாகப் பின்னால் போகும். இங்கே கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் படாரென்று திறந்துவிட்டு, "பார்த்து வரமாட்டியா?" என்று நம்மையே திட்டுகிறார்கள்.