ஆபரேஷன் மேசையில் 700-ல் ஒருவர் விழித்திருக்கிறாரா?

2007-ல் வந்த ஹாலிவுட் படம் ‘அவேக்’. இதய மாற்று அறுவை சிகிச்சையில் மயங்காமல் கிடக்கும் நாயகன், மனைவியும் டாக்டர் நண்பனும் சேர்ந்து தன்னைக் கொல்லப் பார்ப்பதைக் காதால் கேட்கிறான். இது உண்மைக் கதை, 700-ல் ஒருவர் ஆபரேஷன் முழுக்க இப்படித்தான் கிடக்கிறார் என்று பகிர்கிறார்கள். தவறு. கதை கற்பனை.

மயக்கத்தில் நினைவு திரும்புவது உண்மைதான். 2014-ல் வெளியான பிரிட்டன், அயர்லாந்து ஆய்வில், அப்படிப் புகார் சொன்னவர்கள் சுமார் 19,000-க்கு ஒருவர். ஆபரேஷனுக்குப் பின் நோயாளிகளைக் கேள்வி கேட்டுத் துருவிய ஆய்வுகளில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பேர் வரை தெரிந்தது; 700-ல் ஒருவர் என்ற கணக்கு இந்த வகை ஆய்வுகளை ஒட்டியது. ஆனால் அவர்களிலும் பெரும்பாலோர் ஆபரேஷன் முழுக்க விழித்திருந்தவர்கள் இல்லை. பிரிட்டன் ஆய்வில் பெரும்பாலானவை ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தவை; மயக்கம் ஏறும்போதோ தெளியும்போதோதான் அதிகம்.

கை கால் அசையாமல் போவது மட்டும் படத்தில் சரி. தசையைத் தளர்த்தும் மருந்தின் வேலை அது. அந்த மருந்து கொடுக்காதவர்களிடம் புகார் சுமார் 1,36,000-க்கு ஒன்றுதான். முழு மயக்கத்தில் செய்யும் அவசர சிசேரியன், இதய ஆபரேஷன் போன்றவற்றில் விழிப்பு வர வாய்ப்பு கூடும். முன்பு எப்போதாவது அப்படி நேர்ந்திருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.